இரவல் ரத்தம்

காலை எட்டு மணிக்கு, ஷாவெய் ஊர்த் தாய்சேய் நல மையத்தின் பெண்கள் கழிப்பறையில் நின்றபடி பாவோஜூ தன் ஸ்வெட்டருக்குள் ஒரு சிறு தலையணையைச் செருகிக்கொண்டிருந்தாள். ஆறு மாத வயிற்றுக்கு அது சற்றுத் தட்டை. எனவே கழுத்துத் துணியையும் சுருட்டி உள்ளே தள்ளினாள்.

"இப்ப சரியா இருக்கா?"

அசல் ஆறு மாத வயிற்றோடு எதிரில் நின்ற லீசாய், தன் வயிற்றையும் அவள் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். "கொஞ்சம் கீழ இறக்குக்கா. நெஞ்சுல பிள்ளை வளர்ற மாதிரி இருக்கு."

"அடிப்போடி. நர்ஸ் என் வயித்தையா பார்க்கப்போறா? நரம்பத்தான் தேடுவா."

பாவோஜூ சொன்னபடியே நடந்தது. ரத்தம் எடுக்கும் சன்னலில் அவள் நீட்டியது லீசாயின் அடையாள அட்டை. அதிலிருந்த படம் யாரைப் போலவும் இல்லை. ஆகவே எல்லாரையும் போல இருந்தது. நர்ஸ் ரப்பர் குழாயைக் கையில் இறுக்கிக் கட்டிவிட்டு, பேச்சுக்காகக் கேட்டாள்: "பிள்ளை நல்லா உதைக்குதா?"

"ரொம்பச் சாது. வெச்ச இடத்துலயே இருக்கும்" என்றாள் பாவோஜூ.

வெளியே மோட்டார் சைக்கிளின் மேல் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த லீசாயின் கணவன் குவோஷுனுக்கு, தன் மனைவி உள்ளே இரண்டு பேராக இருப்பது தெரியாது.

ஷாவெய் கடலோரச் சிற்றூர். அங்கே வேலை என்றால் மீன் உருண்டைத் தொழிற்சாலை. அரைத்த விலாங்கு மீனுக்குள் பன்றிக் கொத்திறைச்சி வைத்து உருட்டும் அந்த வேலைக்குச் சேர ஆண்டுதோறும் சுகாதார அட்டை வேண்டும். ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருந்தால் அட்டை கிடையாது. அந்தக் கிருமி மீன் உருண்டை வழியாக யாருக்கும் தொற்றுவதில்லை. சேர்ந்து சாப்பிடுவதாலும் தொற்றுவதில்லை. ரத்தத்தின் வழியாகவும், உடலுறவின் வழியாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும்தான் போகும். ஆனால் விதி எழுதியவர்கள் அவசரத்தில் எழுதினார்கள். மாற்றுவதற்கு மட்டும் அவசரப்படவில்லை.

லீசாய்க்கு அந்தக் கிருமி அவள் அம்மாவிடமிருந்து வந்தது. பதினெட்டு வயதில் முதல் வேலைக்குப் போனபோது செய்த பரிசோதனையில் தெரிந்தது. ஊர்ப் பேச்சில் அதற்குப் "பெரிய மூணு" என்று பெயர். மூன்று சோதனைகளிலும் கிருமியின் அடையாளம் தெரிகிறது, கிருமி உடம்பில் மும்முரமாகப் பெருகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வேலை கொடுக்க இருந்த காலணிக் கடைக்காரர் அவள் தொட்ட பேனாவைக் குப்பையில் போட்டார். அவள் பார்க்கும்படியாகத்தான் போட்டார்.

அதற்குப் பிறகு லீசாயின் ரத்தம் எந்தச் சன்னலுக்கும் போகவில்லை. பாவோஜூவின் ரத்தம் போனது. பாவோஜூவுக்கு எப்போதோ கிருமி வந்து, உடம்பு அதை விரட்டி, தடுக்கும் எதிர்ப்பொருள் ஏராளமாக ஊறிப்போயிருந்தது. பரிசோதனைக் கருவி ஆயிரம் வரைதான் எண்ணும். பாவோஜூவின் ரத்தத்தைப் பார்த்ததும் அது "ஆயிரத்துக்கு மேல்" என்று அச்சிட்டுவிட்டு ஓய்ந்துவிடும். லீசாய் மட்டுமல்ல, பொட்டலம் கட்டும் பிரிவில் இன்னும் சிலருடைய அட்டைகளுக்கும் அந்தக் கைதான் ஆதாரம். "இடது கை என்னோடது, வலது கை பொதுச் சொத்து" என்பாள் பாவோஜூ. இதற்கு அவள் பணம் வாங்குவதில்லை. பாவம் பார்த்துச் செய்கிற தப்பு என்பதால் அவளுக்கு அது தப்பாகவே தெரியவில்லை.

திருமணப் பேச்சு வந்தபோது குவோஷுனின் அம்மா யூச்சின் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பெண்ணின் ரத்த அறிக்கை. யூச்சினின் கணவர் கல்லீரல் புற்றுநோயில் போனவர். பி கிருமியால் வந்தது. கடைசி ஆண்டில் அவருக்குத் தனிக் கிண்ணம், தனிச் சாப்பாட்டுக் குச்சி, தனி மூலை. அவர் போன பின்பு யூச்சின் அந்த மூலையில் மூன்று முறை சுண்ணாம்பு அடித்தாள். வருகிற மருமகள் "சுத்தமான" பெண்ணாக இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தாள்.

சுத்தமான அறிக்கை வந்தது. யூச்சின் மகிழ்ந்துபோனாள். திருமணச் சான்றிதழோடு அதையும் இழுப்பறையில் வைத்துப் பூட்டி, வருகிற விருந்தாளிக்கெல்லாம் எடுத்துக் காட்டினாள். "பாருங்க, ஆயிரத்துக்கு மேல! இந்தத் தெருவுல எந்த மருமகளுக்கு இருக்கு?" விருந்தாளிகள் தேநீரை உறிஞ்சிக்கொண்டே பாவோஜூவின் ரத்தத்தைப் பாராட்டினார்கள். லீசாய் தலை குனிந்து நிற்பாள். அடக்கமான பெண் என்று அதற்கும் ஒரு பாராட்டு கிடைக்கும்.

கருவுற்றபோது லீசாய் பயந்தாள். பிறகு தானே ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள். பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் அரசாங்கமே பி தடுப்பூசி போடுகிறது. யார் யாருக்கு என்று கேட்பதில்லை, எல்லாருக்கும்தான். அப்படியிருக்கத் தன் ரத்தம் என்னவாக இருந்தால் என்ன? பிள்ளைக்கு ஊசி கிடைத்துவிடும், பொய் யாரையும் கடிக்காது. இந்த நம்பிக்கையில்தான் அன்று கழிப்பறையில் தலையணையைச் சரிசெய்யச் சொன்னாள்.

குளிர்காலத் தொடக்கத்தில், காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, மாவட்ட மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது.

யூச்சின் வார்டுக்குள் நுழைந்ததும் முதலில் சன்னல்களை அடைத்தாள். பிள்ளை பெற்ற உடம்பில் காற்றுப் படக் கூடாது. சிவப்பு அரிசி மதுவில் வேகவைத்த கோழியைத் தூக்குப் பாத்திரத்திலிருந்து ஊற்றி லீசாய்க்கு ஊட்டினாள். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தாள். "பொண்ணு பொறந்தா என்ன? மூக்கப் பாரு, எங்க வீட்டு மூக்கு" என்றாள்.

பக்கத்துப் படுக்கையில் தாவ்ஹுவா என்று ஒரு பெண். சிப்பி வளர்க்கும் குடும்பம். அவளுக்கும் அன்று அதிகாலைதான் பிள்ளை பிறந்திருந்தது. பதினொரு மணிக்கு டாக்டர் வெய் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. குரலைத் தாழ்த்தத் தெரியாதவர்.

"தாவ்ஹுவா, உன் பையனுக்கு ரெண்டு தொடையிலயும் ஊசி போட்டாச்சு. உனக்கு பி கிருமி இருக்கறதால ரெண்டு. ஒண்ணு எல்லாருக்கும் போடற தடுப்பூசி. அது பிள்ளை உடம்புக்கு எதிர்ப்பொருள் தயார் பண்ணக் கத்துக்குடுக்கும். ஆனா கத்துக்க வாரக்கணக்கா ஆகும்ல? கிருமி அதுவரைக்கும் வாசல்ல காத்துக்கிட்டு நிக்குமா? அதுக்குத்தான் ரெண்டாவது. அதுல தயாரான எதிர்ப்பொருளே இருக்கு. கிருமியக் கட்டிப்பிடிச்சு, கல்லீரல்ல நுழைய விடாம முடக்கிடும்."

"ஒண்ணு மட்டும் போட்டா பத்தாதா டாக்டரம்மா?" என்று தாவ்ஹுவா கேட்டாள்.

"உன்னை மாதிரி பெரிய மூணு இருக்கற அம்மாவுக்குப் பத்தாது. அஞ்சு பிள்ளையில ஒண்ணாவது தப்பிக்காது. பொறந்த உடனே ஒட்டிக்கிட்டா அது ஆயுசுக்கும் போகாது. நாப்பது வயசுல கல்லீரல் புத்துநோயோட என்கிட்டயே வந்து நிப்பாங்க. பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ள ரெண்டும் போட்டா நூத்துல தொண்ணூறுக்கு மேல காப்பாத்திடலாம். ஒரு நாள் தாண்டினா அப்புறம் போட்டுப் பெரிசா பிரயோசனம் இல்ல. நீ மொதல் பரிசோதனையிலயே உண்மையச் சொன்ன பாரு, அதான் உன் பையன் தப்பிச்சான். தைரியமா பால் குடு."

யூச்சினுக்கு இதில் காதில் விழுந்தது ஒன்றுதான்: பி கிருமி. சுடுதண்ணீர்க் குடுவையை எடுத்துப் படுக்கைக்கு இந்தப் பக்கம் வைத்தாள். ஆரஞ்சுப் பழங்களை இடம் மாற்றினாள். திரையை இழுத்தாள். பிறகு திரைக்குக் கேட்கும்படி லீசாயிடம் சொன்னாள்: "சில பேருக்கு வெட்கம் மானம் கிடையாது. இந்த ரத்தத்த வெச்சுக்கிட்டு ஒரு வீட்டுக்குள்ள நுழைஞ்சு பிள்ளையும் பெத்துக்குறாங்க."

திரைக்குப் பின்னாலிருந்து தாவ்ஹுவாவின் குரல் நிதானமாக வந்தது. "எங்க வீட்ல தெரியும் அத்தை. தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டாங்க. ஆரஞ்சுக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க."

டாக்டர் லீசாயின் அறிக்கையைப் புரட்டினார். புருவம் உயர்ந்தது. "ஆயிரத்துக்கு மேல! உன் எதிர்ப்பொருள் கொஞ்சம் வயித்துலயே பிள்ளைக்குப் போயிருக்கும். குடுத்துவெச்ச பொண்ணு. ஒரு ஊசி போட்டாச்சு, போதும்."

"நான் சொல்லல?" என்று யூச்சின் வார்டு முழுவதையும் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள்.

லீசாய் குழந்தையின் போர்வையை விலக்கிப் பார்த்தாள். இடது தொடையில் சிறிய பஞ்சு. வலது தொடையில் எதுவும் இல்லை. அவள் அந்த வெறும் தொடையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மணி பத்திலிருந்து விரல்விட்டு எண்ணினாள். நான்கு மணி நேரம் போய்விட்டிருந்தது.

நர்ஸைக் கூப்பிட்டுக் காதோடு கேட்டாள்: "அந்த ரெண்டாவது ஊசியும் சும்மா போட்டுவிடுங்களேன். ஒரு பாதுகாப்புக்கு."

"அது என்ன காய்கறிக்கடைக் கொத்தமல்லியா, கேட்டவங்களுக்கெல்லாம் கிள்ளிக் குடுக்க? காரணம் எழுதி டாக்டர் கையெழுத்துப் போடணும். உனக்கு என்ன காரணம்?"

லீசாயிடம் காரணம் இருந்தது. வாய் இல்லை. சொன்னால் தொழிற்சாலை வேலை அன்றே போய்விடும். இழுப்பறையில் இருக்கும் காகிதம் பொய் என்றால், அதே இழுப்பறையில் இருக்கும் திருமணச் சான்றிதழையும் யூச்சின் விட்டுவைக்க மாட்டாள். அதுவரை ஊட்டிக்கொண்டிருந்த கை, குடுவையை நகர்த்திய கையாக மாறும்.

இரண்டு மணிக்கு பாவோஜூ வந்தாள். கையில் நூல் சேமியாவும் வாத்து முட்டையும். "எங்கே என் மக? நானும் ஒரு மணி நேரம் சுமந்தவதானே!" என்று சிரித்தபடி நுழைந்தவள், லீசாயின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். யூச்சின் சுடுதண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். லீசாய் நடந்ததையெல்லாம் அவசர அவசரமாகச் சொன்னாள். பிறகு பாவோஜூவின் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உன்கிட்டதான் ஆயிரத்துக்கு மேல இருக்கே. அதிலேருந்து கொஞ்சம் பாப்பாக்கு ஏத்தச் சொல்லேன். எல்லா இடத்துக்கும் எனக்காக வந்தியே. இன்னும் ஒரே ஒரு தடவை."

பாவோஜூ குழந்தையைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். முதல் முறையாக அந்தக் கை என்ன செய்தது என்று அவளுக்கு விளங்கியது.

"லீசாய், என் ரத்தம் உனக்குக் காகிதத்துலதான் ஓடும். உன் பிள்ளை உடம்புல ஓடாதுடி." கையை விடுவித்துக்கொண்டாள். "நான் உன்னைக் காப்பாத்தறேன்னு நினைச்சேன். இந்தப் பாப்பாக்கு வரவேண்டிய ஊசிய நான்தான் தடுத்திருக்கேன். டாக்டர்கிட்ட நீயாவது சொல்லு, இல்ல நான் சொல்லிடறேன். ரெண்டுல ஒண்ணு இப்பவே நடக்கணும்."

"அத்தை வந்துடுவாங்க."

"வரட்டும்."

லீசாய் அழைப்பு மணியை அழுத்தினாள். டாக்டர் வெய்யும் சுடுதண்ணீர்க் குடுவையோடு யூச்சினும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தார்கள். லீசாய் இருவரையும் பார்க்காமல் குழந்தையைப் பார்த்தே சொன்னாள்.

"அந்த அறிக்கை என்னோடது இல்ல டாக்டரம்மா. எனக்குப் பெரிய மூணு இருக்கு. பதினெட்டு வயசுலேருந்து."

"ரத்தம் என்னோடது" என்றாள் பாவோஜூ. "கல்யாணத்துக்குக் காட்டினதும் என்னோடதுதான்."

யூச்சின் குடுவையைக் கீழே வைத்தாள். அவள் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. "மூணு வருஷம்" என்றாள். "மூணு வருஷமா என் வீட்ல, என் மேசையில, என் மகன் பக்கத்துல! ஊர் முழுக்கக் காட்டினேனேடி அந்தக் காகிதத்த! என்னை முட்டாளாக்கிட்டியே!"

"ஆமா அத்தை. உண்மையச் சொல்லியிருந்தா உங்க வாசலத் தாண்டியிருப்பேனா?"

"சண்டைய அப்புறம் வெச்சுக்கோங்க" என்று டாக்டர் குறுக்கே வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் நேரம் இருக்கு. ஆனா ஒரு விஷயம். காகிதம் வேற சொல்லுது. உன் ரத்தத்த இப்பவே எடுக்கறேன், முடிவு நாளைக்குத்தான் வரும். அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. நீ சொல்றத மட்டும் நம்பிப் போடணும். இது வேற ஆளுங்க குடுத்த ரத்தத்துலேருந்து பிரிச்சு எடுக்கற மருந்து. அதனால வீட்டாள் ஒருத்தர் கையெழுத்துப் போடணும். புருஷன் எங்க?"

குவோஷுன் பனிக்கட்டி ஏற்றிய லாரியோடு ஃபூச்சோ நகரத்துக்குப் போயிருந்தான். வர மாலையாகும். நர்ஸ் ஒரு படிவத்தைக் கொண்டுவந்தாள். அதில் அச்சிட்ட வரி ஒன்று: குழந்தையின் தாய் பி கிருமி தாங்கியவர். அதற்குக் கீழே குடும்பத்தார் கையெழுத்துக்கு ஒரு கோடு.

எல்லாரும் யூச்சினைப் பார்த்தார்கள்.

யூச்சின் படிவத்தைத் தொடவில்லை. அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று அவளிடமும் இருந்தது. கணவர் இறந்த மறுவாரம் அவருடைய ஸ்பானர்ப் பெட்டிக்கு அடியில் ஒரு காகிதக் கட்டைக் கண்டெடுத்திருந்தாள். மருத்துவமனை அறிக்கைகள். முதல் அறிக்கையின் தேதி, அவர் படுக்கையில் விழுவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தையது. ஒன்பது ஆண்டுகள் அவருக்குத் தெரிந்திருந்தது. மருத்துவம் பார்க்க வேண்டிய ஒன்பது ஆண்டுகள். அவர் ஏன் சொல்லவில்லை என்று அன்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் தெரிந்துவிடும் என்ற பயத்தில் அந்தக் காகிதங்களை அடுப்பில் போட்டாள்.

இன்று அந்தப் பதில் எதிரில் குழந்தையாகப் படுத்திருந்தது. ஒரு வெறும் தொடையைக் காட்டிக்கொண்டு தூங்கியது.

"பேனா" என்றாள் யூச்சின்.

அவளுக்கு எழுத்து அவ்வளவாக வராது. தன் பெயரைக் கோட்டுக்கு மேலும் கீழுமாக, தாளில் அழுந்தும்படி எழுதினாள். டாக்டர் மருந்துக் குப்பியை உடைத்தார். மணி மூன்று. வலது தொடையில் ஊசி இறங்கியதும் குழந்தை வீரிட்டது. லீசாயும் அழுதாள். யாரும் யாரையும் தேற்றவில்லை.

டாக்டர் படிவத்தை மடித்துக்கொண்டே பாவோஜூவிடம் சொன்னார்: "பார்த்தியா, இதுவும் யாரோ ஒருத்தரோட எதிர்ப்பொருள்தான். இரவல்தான். ஆனா இல்லைன்னு சொல்லி வாங்கினா மருந்து. இருக்குன்னு பொய் சொன்னா விஷம்."

பாவோஜூ தலையசைத்தாள். பொட்டலப் பிரிவில் இன்னும் யாரையெல்லாம் போய்ப் பார்க்க வேண்டும் என்று மனதுக்குள் பெயர்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே கிளம்பினாள். அவர்களில் ஒருத்திக்கு அது ஐந்தாம் மாதம்.

மாலை ஐந்து மணிக்கு, லாரியின் குளிர் இன்னும் சட்டையில் இருக்க, குவோஷுன் ஓடி வந்தான். மகளைத் தூக்கினான். போர்வை விலகியது. "என்னம்மா இது, ரெண்டு தொடையிலயும் பஞ்சு? ஒரு ஊசிதானே?"

லீசாய் வாயைத் திறந்தாள். யூச்சின் கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். குரலைத் தாழ்த்தவும் இல்லை, திரையை இழுக்கவும் இல்லை. தாவ்ஹுவாவும் நர்ஸும் வாசலில் நின்றவர்களும் கேட்கவே சொன்னாள்.

"உன் பெண்டாட்டிக்கு பி கிருமி இருக்கு. கத்தாத. நான் கத்தி முடிச்சாச்சு. பாப்பாக்கு நேரத்துல ஊசி போட்டாச்சு. இன்னும் ரெண்டு தவணைத் தடுப்பூசி போடணும், அப்புறம் பரிசோதனை பண்ணணும். அவ பொய் சொன்னா, அது அவ தப்பு. ஆனா உண்மையச் சொல்ல முடியாதபடி வீட்ட வெச்சிருந்தது நான். உங்கப்பாவும் என்கிட்ட சொல்லாமத்தான் செத்தார். நல்லாக் கேட்டுக்க: இந்தக் கிருமி கிண்ணத்துல பரவாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க, நாம பண்ற ஒதுக்கலால பரவுது. ஒதுக்கினா மறைப்பாங்க, மறைச்சா ஊசி கிடைக்காது, ஊசி கிடைக்கலன்னா அது பிள்ளைக்குப் போயிடும்."

குவோஷுன் மகளைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். மனைவியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

"அங்க என்ன பார்வை?" என்றாள் யூச்சின். செருப்பைத் தேடிக் கால் நுழைத்துக்கொண்டாள். "பாப்பாவ அவ அம்மாகிட்ட குடு. உங்கப்பாவுக்கு இருந்ததே, நாம ரெண்டு பேரும் இதுவரைக்கும் ஒரு தடவையாவது பரிசோதனை பண்ணிப் பார்த்திருக்கமா? கீழ ரத்தம் எடுக்கற சன்னல ஆறு மணிக்கு மூடிடுவாங்களாம். வா, போலாம்."